கடிதத்துக்குள் இல்லாத படம்

2019 மே மாதம். அமெரிக்காவின் சான் டியேகோ கடற்படைத் தளத்தில் ஒரு கொலை வழக்கு விசாரணைக்கு வரவிருந்தது. இராக்கின் மோசுல் நகரில் காயத்தோடு பிடிபட்ட ஓர் இளம் போராளியைக் குத்திக் கொன்றதாக, எட்வர்ட் கல்லகர் என்ற கடற்படை அதிரடிப் படை வீரர்மீது குற்றச்சாட்டு. வெளியே போகக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்திருந்த ஆவணங்கள் பத்திரிகையாளர் கைக்கு எப்படியோ போய்க்கொண்டிருந்தன. அந்தச் சமயத்தில்தான் அரசுத் தரப்பு வழக்கறிஞரிடமிருந்து எதிர்த்தரப்புக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கையொப்பத்துக்குக் கீழே புதிதாக ஒரு சின்னம் முளைத்திருந்தது. அமெரிக்கக் கொடி, நீதித் தராசு, தராசின்மேல் உட்கார்ந்த வெண்தலைக் கழுகு.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்குப் பொறிதட்டியது. தோண்டிப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. மின்னஞ்சலைத் திறந்ததும், திறந்தவரின் கணினியே வெளியில் இருந்த ஒரு சர்வருக்குத் தகவல் அனுப்பும்படி அந்தப் படத்தோடு ஓர் ஏற்பாடு ஒட்டியிருந்தது. எப்போது திறந்தார்கள், எங்கிருந்து திறந்தார்கள் என்பதெல்லாம் அங்கே பதிவாகும். வழக்கறிஞர்கள், அவர்களின் உதவியாளர்கள் என்று 13 பேருக்கும், வழக்கைப் பற்றி எழுதிவந்த நேவி டைம்ஸ் செய்தியாளர் ஒருவருக்கும் இப்படிப்பட்ட மின்னஞ்சல் போயிருந்தது. கசிவின் ஊற்றுக்கண்ணைத் தேடித்தான் இதைச் செய்ததாக அரசுத் தரப்பு சொன்னது. எங்கே, எப்போது திறக்கப்பட்டது என்பதைத் தவிர வேறெதையும் எடுக்கவில்லை என்றும் வாதாடியது. ராணுவ நீதிபதி ஏற்கவில்லை. குற்றம்சாட்டப்பட்டவருக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் உள்ள உறவில் இது குறுக்கிடுகிறது என்று சொல்லி, ஜூன் மாதம் அந்த அரசு வழக்கறிஞரை வழக்கிலிருந்தே விலக்கினார். ஜூலையில் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து கல்லகர் விடுதலையானார்.

அரசுத் தரப்பு சொன்ன அந்த ‘எங்கே, எப்போது’ என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடும் படங்கள் இன்று கோடிக்கணக்கான இன்பாக்ஸ்களில் கிடக்கின்றன. கழுகாவது கண்ணில் பட்டது. மற்றவை கண்ணிலேயே படாது.

படம் வரும் இரண்டு வழிகள்

மின்னஞ்சலில் படம் இரண்டு வழியில் வரலாம். ஒன்று, கல்யாணப் பத்திரிகை உறைக்குள் மணமக்களின் புகைப்படத்தையும் சேர்த்து வைத்து ஒட்டி அனுப்புவது போன்றது. கடிதம் வந்து சேரும்போதே படமும் வந்துவிடும். வாசகர் அதை நூறு தடவை பார்த்தாலும் அனுப்பியவருக்குத் தெரியாது.

இன்னொரு வழியில் உறைக்குள் படம் இருக்காது. ‘இந்த முகவரிக்குப் போய்ப் படத்தை வாங்கிக்கொள்’ என்று ஒரு சீட்டு மட்டும் இருக்கும். வாசகர் கடிதத்தைத் திறந்ததும் மெயில் ஆப் அந்த முகவரிக்கு ஓடும், படத்தை வாங்கி வந்து உரிய இடத்தில் பொருத்தும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால், படம் உறைக்குள் இருந்ததா, வெளியே போய் வாங்கி வந்ததா என்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. சிக்கல் முழுவதும் இந்த இரண்டாவது வழியில்தான்.

மின்னஞ்சலில் படத்தையும் ஒலியையும் சேர்த்து அனுப்புவதற்கான மைம் என்ற விதிமுறையை வகுத்தவர்கள் நதேனியல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டீன், தான் பாடிவந்த நால்வர் குழுவின் புகைப்படத்தையும் அவர்கள் பாடிய பாட்டையும் இணைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மைம் முறையில் போன முதல் இணைப்பு அதுதான். அந்தப் படம் கடிதத்துக்குள்ளேயே இருந்தது.

மறு வருடம், 1993 பிப்ரவரியில், மார்க் ஆண்ட்ரீசன் இணையப் பக்கங்களில் படம் காட்டுவதற்கு ஒரு குறிச்சொல்லை முன்மொழிந்தார். ‘படம் இந்த முகவரியில் இருக்கிறது, போய் எடுத்து வா’ என்று பிரவுசருக்குச் சொல்லும் கட்டளை அது. இணையப் பக்கத்துக்கு அது பொருத்தமான ஏற்பாடு. ஒரு தளத்துக்குப் போகிறவர் அந்தத் தளத்தின் கதவைத் தானாகவேதான் தட்டுகிறார். 1990களின் பிற்பகுதியில் மின்னஞ்சலையும் இணையப் பக்கம் போல வண்ணமயமாக வடிவமைக்கும் பழக்கம் பரவியபோது, அதே கட்டளை கடிதத்துக்குள்ளும் நுழைந்தது. கடிதம் வாசகரின் வீடு தேடி வருவது. அதைப் பிரித்த குற்றத்துக்கு, அவர் போகவே நினைக்காத ஒரு கதவை அவருடைய கணினி போய்த் தட்டத் தொடங்கியது.

சர்வரில் விழும் ஒரு வரி

ஒரு துணிக்கடை ஆடித் தள்ளுபடி பற்றி ஒரு லட்சம் பேருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் ஒரே வாசகம், ஒரே சேலைப் படம். ஆனால் அடியில் ஒரு மூலையில் இன்னொரு படமும் இருக்கிறது. அகலம் ஒரு பிக்சல், உயரம் ஒரு பிக்சல். நிறம் கிடையாது, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். இதற்கு வழக்கமாகப் பயன்படும் கிஃப் கோப்பின் அளவு வெறும் 43 பைட். இந்த ஒரு புள்ளியின் முகவரி மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவருக்கு அந்த முகவரியின் வாலில் 48213 என்ற எண், அடுத்தவருக்கு 48214.

48213க்கு உரியவர் செவ்வாய்க்கிழமை இரவு 11.40க்குக் கடிதத்தைத் திறக்கிறார். அவருடைய போன் சர்வரிடம் ‘48213ஆம் படத்தைக் கொடு’ என்று கேட்கிறது. படத்தை எந்த இணைப்புக்குத் திருப்பி அனுப்புவது என்று சர்வருக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் கேட்கும்போதே போனின் ஐபி முகவரியும் கூடப் போகிறது. கேட்பது எந்த ஆப், எந்த வகைச் சாதனம் என்ற குறிப்பும் வழக்கமாகச் சேர்ந்தே போகும். சர்வரின் பதிவேட்டில் ஒரு வரி விழுகிறது: எண், தேதி, நேரம், ஐபி முகவரி, சாதனம். சர்வர் அனுப்பும் படத்தால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. கேட்டதுதான் கடைக்கு வேண்டிய தகவல்.

ஐபி முகவரியை வைத்து வீட்டுக் கதவு எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலும் ஊர் தெரியும், இணைய நிறுவனம் தெரியும், அலுவலக இணைப்பாக இருந்தால் சில சமயம் அலுவலகத்தின் பெயரே தெரியும். மொபைல் இணைப்பில் ஊர்கூடப் பிசகலாம். ஆனால் ஒரே ஒரு வரியோடு இது நிற்பதில்லை. வாரம் இரண்டு கடிதம் வீதம் ஒரு வருடத்துக்கு நூறு வரி சேர்ந்தால், அந்த நபர் எத்தனை மணிக்குத் தூங்கப் போகிறார், வேலை நேரத்தில் எங்கே இருக்கிறார், எந்த மாதம் வெளியூர் போனார், எப்போது போனை மாற்றினார் என்று ஒரு சித்திரம் உருவாகிவிடும். சொந்த வீட்டாருக்குக்கூட இவ்வளவு கணக்காகத் தெரியாது.

கண்மூடித்தனமாக மின்னஞ்சல் இறைக்கும் ஏமாற்றுப் பேர்வழிகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. அவர்கள் கையில் இருக்கும் முகவரிகளில் பாதி செத்துப்போனவையாக இருக்கலாம். எந்த எண்ணுக்குரிய படம் கேட்கப்படுகிறதோ, அந்த முகவரிக்குப் பின்னால் உயிருள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்பது உறுதியாகிவிடும். அடுத்த வலை அவருக்கு விரிக்கப்படும்.

கேட்டு வாங்கிய கையெழுத்து

அனுப்பிய கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள நினைப்பது தவறில்லை. அஞ்சல் துறை அதற்கென்றே பதிவுத் தபாலோடு ஓர் ஒப்புகை அட்டையை வைத்திருந்தது. தபால்காரர் வாசலில் நின்று அட்டையை நீட்டுவார். வாங்குபவர் யார் அனுப்பியது என்று பார்ப்பார், விருப்பமிருந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார். கையெழுத்துப் போட்டாலும், உறையை எப்போது பிரித்தார், பிரித்தாரா இல்லையா என்று அந்த அட்டை சொல்லாது.

மின்னஞ்சலுக்கும் இப்படி ஒரு நாகரிகமான வழி உண்டு. 1998இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2298 என்ற இணைய விதிமுறை, ‘படித்துவிட்டேன்’ என்ற ஒப்புகையை எப்படிக் கேட்பது, எப்படி அனுப்புவது என்று வகுத்தது. ஒப்புகை அனுப்ப மறுக்கும் உரிமை வாசகருக்கு இருக்க வேண்டும் என்பதை அது அடிப்படையாகவே கொண்டிருந்தது. சில மெயில் மென்பொருள்களில் இன்றும் ‘அனுப்பியவர் ஒப்புகை கேட்கிறார், அனுப்பலாமா?’ என்று ஒரு சிறு பெட்டி எட்டிப் பார்க்கும். அதில் பலர் ‘வேண்டாம்’ என்று அழுத்தியிருப்பார்கள். ஒரு பிக்சல் படம் அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து, வேண்டாம் என்று சொல்லக்கூடியவரிடமும் கையெழுத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1999லேயே ரிச்சர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க மென்பொருள் வல்லுநர் இந்தப் படங்களுக்கு ‘வெப் பக்’ என்று பெயரிட்டு எச்சரித்தார். சுவரில் ஒளித்து வைக்கும் ஒட்டுக்கேட்புக் கருவிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. பின்னர் விளம்பரத் துறை ‘டிராக்கிங் பிக்சல்’ என்று சாதுவாக அழைத்தது. ‘உளவுப் பிக்சல்’ என்ற பெயர் சமீப ஆண்டுகளில் பரவியது.

902 தளங்கள், 12,618 மின்னஞ்சல்கள்

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் எங்கல்ஹார்ட், ஜெஃப்ரி ஹான், அரவிந்த் நாராயணன் ஆகிய மூவரும் இதை அளந்து பார்த்தார்கள். பல இணையதளங்களின் செய்திமடல்களுக்குத் தானாகவே பதிவுசெய்துகொள்ளும் ஒரு மென்பொருளை எழுதி ஓடவிட்டார்கள். 902 தளங்களிலிருந்து 12,618 மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. 2018இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, 85 சதவீத மின்னஞ்சல்களில் அனுப்பியவருக்குச் சொந்தமில்லாத மூன்றாம் நபர்களின் உள்ளடக்கம் இருந்தது. 70 சதவீதத்தில் பின்தொடரும் கருவிகள் என்று ஏற்கெனவே பட்டியலிடப்பட்டவை இருந்தன.

இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிடக் கனமானது. சுமார் 29 சதவீத மின்னஞ்சல்கள், திறந்த உடனேயே வாசகரின் மின்னஞ்சல் முகவரியை ஒரு மூன்றாம் நபரிடமாவது கொடுத்துவிட்டன. சில சமயம் அப்படியே, பல சமயம் ஹாஷ் என்ற கணக்கீட்டால் உருமாற்றி. உருமாற்றினால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் ஒரே முகவரியை அதே முறையில் எத்தனை தடவை உருமாற்றினாலும் ஒரே விடைதான் வரும். அதனால் அந்த விடையே ஒரு நிரந்தர அடையாள எண் ஆகிவிடுகிறது. காலணிக் கடைக் கடிதத்தில் பார்த்த அடையாளமும், மருந்துக் கடைக் கடிதத்தில் பார்த்த அடையாளமும் ஒன்றே என்றால், இரண்டும் ஒரே ஆள். குக்கீகளை அழித்துவிடலாம். பத்து வருடமாக வங்கிக்கும் வேலைக்கும் கொடுத்துவைத்த மின்னஞ்சல் முகவரியை யாரும் லேசில் மாற்றுவதில்லை.

தனி மனிதர் கையில், உளவாளி கையில்

கடைகளோடு இது முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று சிலர் நினைக்கலாம். 2019 ஜூன் இறுதியில் மைக் டேவிட்சன் என்ற வடிவமைப்பாளர் சூப்பர்ஹியூமன் என்ற கட்டண மெயில் சேவையைப் பற்றி எழுதினார். மாதம் 30 டாலர் கட்டும் எவரும், தான் அனுப்பிய கடிதத்தைப் பெற்றவர் ஒவ்வொரு தடவையும் எப்போது திறந்தார், எந்தப் பகுதியில் இருந்து திறந்தார் என்று அதில் பார்க்க முடிந்தது. பெற்றவருக்கு அது தெரியவே தெரியாது. ஒருவரை விடாமல் துரத்துகிறவர் கையில் இந்த வசதி என்னவாகும் என்று டேவிட்சன் கேட்டார். சில நாள்களிலேயே, ஜூலை 3 அன்று, நிறுவனத் தலைவர் ராகுல் வோரா மன்னிப்புக் கேட்டார். இடத்தைப் பதிவதை நிறுத்துவதாகவும், பழைய இடத் தகவல்களை அழிப்பதாகவும், படித்ததைக் காட்டும் வசதியைப் பயனரே விரும்பி இயக்கினால் ஒழிய அணைத்தே வைப்பதாகவும் அறிவித்தார்.

2024 மார்ச் 25 அன்று அமெரிக்க நீதித் துறை, ஏபிடி 31 என்ற சீன ஹேக்கர் குழுவைச் சேர்ந்தவர்கள் என்று ஏழு பேர்மீது குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. அவர்கள் அனுப்பியதாகச் சொல்லப்படும் மின்னஞ்சல்கள் 10,000க்கும் மேல். பிரபல செய்தி நிறுவனங்களிலிருந்தோ பத்திரிகையாளர்களிடமிருந்தோ வந்தவை போல அவை இருந்தன. உண்மையான செய்திகளே உள்ளே இருந்தன. இணைப்பு எதையும் தட்டத் தேவையில்லை, திறந்தாலே போதும், பெற்றவரின் இடம், ஐபி முகவரி, சாதனம் முதலியவை எதிராளிக்குப் போய்ச் சேரும் என்கிறது குற்றச்சாட்டு. அடுத்த கட்டமாக அவருடைய வீட்டு ரவுட்டர் போன்றவற்றைக் குறிவைக்க அந்தத் தகவல் பயன்பட்டதாம். திருடன் பகலில் வந்து எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நோட்டம் பார்த்துவிட்டுப் போவது போலத்தான்.

பூட்டிய கடிதமும் தப்பவில்லை

தானாகப் படம் லோடு ஆவது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2018 மே மாதம் ஜெர்மனி, பெல்ஜியம் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்கள் வெளியிட்ட குறைபாட்டின் பெயர் இஃபெயில்.

பிஜிபி, எஸ்-மைம் ஆகிய முறைகளில் பூட்டி அனுப்பும் மின்னஞ்சலை, சாவி வைத்திருக்கும் பெறுநர் மட்டுமே திறக்க முடியும். வழியில் யாராவது அதைத் திருடி வைத்திருந்தாலும் அவருக்கு அது புரியாத எழுத்துக் குவியல்தான். ஆய்வாளர்கள் சொன்ன தாக்குதல் இப்படி. திருடியவர் அந்தக் குவியலை எடுத்து ஒரு புதிய மின்னஞ்சலின் நடுவில் வைக்கிறார். அதற்கு முன்னால் ஒரு படக் கட்டளையைத் தொடங்கி, முகவரியின் மேற்கோள் குறியைத் திறந்து, மூடாமல் விட்டுவிடுகிறார். குவியலுக்குப் பின்னால் அந்தக் குறியை மூடுகிறார். பிறகு அதைச் சாவிக்கு உரியவருக்கே அனுப்புகிறார். அவருடைய மெயில் ஆப் கடமையாகப் பூட்டைத் திறக்கிறது, மூன்று துண்டுகளையும் சேர்த்து ஒட்டுகிறது. திறந்த மேற்கோளுக்கும் மூடிய மேற்கோளுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் இப்போது படத்தின் முகவரி ஆகிவிடுகிறது. அதாவது, பூட்டு நீங்கிய ரகசியக் கடிதம் முழுவதும். அந்த முகவரியில் படம் கேட்டு ஆப் ஓடுகிறது. ரகசியம் முழுவதையும் திருடியவரின் சர்வரில் தானே ஒப்பித்துவிட்டு வருகிறது.

பூட்டு உடைக்கப்படவில்லை. படத்தை எடுத்து வரச் சொன்னால் யோசிக்காமல் ஓடும் அந்தப் பழக்கம்தான் வழிவிட்டது. இந்த வகைத் தாக்குதலுக்கு உடனடித் தற்காப்பாக ஆய்வாளர்கள் சொன்னவற்றில் ஒன்று, மின்னஞ்சலை வண்ணமும் படமும் இல்லாத வெற்று எழுத்தாகக் காட்டச் செய்வது.

நடுவில் நிற்கும் தரகர்கள்

பெரிய நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 2013 டிசம்பர் வரை ஜிமெயில், வெளிப் படங்களைக் காட்டலாமா என்று கேட்டது. அதன் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, படங்களைத் தானே தன் சர்வர்கள் வழியாக எடுத்து வந்து காட்டத் தொடங்கியது. இதனால் அனுப்பியவரின் பதிவேட்டில் வாசகரின் ஐபி முகவரிக்குப் பதில் கூகுளின் முகவரி விழுகிறது. ஊர் மறைந்துவிடுகிறது. ஆனால் 48213ஆம் படத்தைக் கூகுள் கேட்பது, அந்த வாசகர் கடிதத்தைத் திறந்த பிறகுதான். ஆகவே, திறந்தார் என்ற செய்தியும் முதல் தடவை திறந்த நேரமும் இன்னும் போகின்றன. அதோடு, கேட்டு அனுமதி வாங்கும் பழக்கம் போய், கேட்காமலே காட்டும் பழக்கம் இயல்பாகிவிட்டது.

ஆப்பிள் வேறு வழியில் போனது. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 உடன் வந்த அதன் ஏற்பாடு, கடிதத்தைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் எல்லாப் படங்களையும் பின்னணியில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறது. அதுவும் இரண்டு இடைநிலை சர்வர்கள் வழியாக. எல்லோரும் எல்லாவற்றையும் திறந்ததாகப் பதிவேடு காட்டினால், உண்மையில் திறந்தவர் யார் என்று பிரித்தறிய முடியாது. இத்தனை சதவீதம் பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பி வாழ்ந்த விளம்பரத் துறைக்கு அது பெரிய இடியாக இறங்கியது. ஆனால் இந்தப் பாதுகாப்பு ஆப்பிளின் மெயில் ஆப்பில் படிப்பவருக்கு மட்டும்தான். அதே ஐபோனில் வேறு ஆப்பில் படித்தால் இது உதவாது.

ஐரோப்பாவில் சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2006லேயே அங்குள்ள தரவுப் பாதுகாப்பு அமைப்புகளின் கூட்டுக் குழு, கடிதம் படிக்கப்பட்டதா என்று ரகசியமாகக் கண்டறியும் சேவைகளுக்குப் பெறுபவரின் தெளிவான சம்மதம் வேண்டும் என்று கருத்துச் சொன்னது. அதன் வழிவந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2024 அக்டோபரில் இறுதி செய்த வழிகாட்டுதல்களில், குக்கீகளுக்குப் பொருந்தும் சட்டப் பிரிவு மின்னஞ்சல் பிக்சல்களுக்கும் பொருந்தும் என்கிறது.

வாசகர் கையில் இருப்பது

சட்டம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணினியில் ஜிமெயிலின் செட்டிங்ஸுக்குள் போனால், பொது அமைப்புகளில் ‘படங்கள்’ என்ற வரி இருக்கும். வெளிப் படங்களை எப்போதும் காட்டுவதா, காட்டும் முன் கேட்பதா என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். ஐபோனில் மெயில் செட்டிங்ஸில் தனியுரிமைப் பாதுகாப்பு என்ற பகுதி இருக்கிறது. தண்டர்பேர்ட் மென்பொருள் இயல்பாகவே வெளிப் படங்களைத் தடுத்துத்தான் வைத்திருக்கிறது. இதில் எதைச் செய்தாலும், கடிதத்தில் உள்ள இணைப்பைத் தட்டினால் அந்தத் தட்டலும் தனியாகப் பதிவாகும் என்பதை மறக்கக் கூடாது. படத்தைத் தடுப்பது படித்ததை மறைக்கும், தட்டியதை மறைக்காது.

அனுப்புகிறவர்களிடமும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஒரு பள்ளி, ஒரு மருத்துவமனை, ஒரு சிறு பத்திரிகை செய்திமடல் அனுப்பும்போது, பயன்படுத்தும் சேவை சொல்லாமலே பிக்சலைச் சேர்த்துவிடக்கூடும். மனநல ஆலோசனை பற்றிய கடிதத்தை நள்ளிரவில் நான்கு தடவை திறந்து படித்த ஒருவரின் பதிவேடு அந்தச் சேவையின் சர்வரில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ அது தேவையே இருக்காது. பிக்சலை அணைக்கும் வசதியைப் பல சேவைகள் தருகின்றன. படத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் போரன்ஸ்டீன் செய்தது போலக் கடிதத்துக்குள்ளேயே வைத்து அனுப்பலாம்.

‘காட்டும் முன் கேட்பதா’ என்பதைத் தேர்ந்தெடுத்த மறுநாள் காலை இன்பாக்ஸ் சற்று வெறிச்சோடித் தெரியும். சேலைகளும் செருப்புகளும் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டங்கள். மேலே ஒரு வரி, படங்கள் காட்டப்படவில்லை என்று சொல்லும். பக்கத்திலேயே அவற்றைக் காட்டச் சொல்லும் ஓர் இணைப்பு. வெளிநாட்டில் இருக்கும் மகள் பேரனின் படத்தை இணைத்து அனுப்பியிருந்தால், அது கடிதத்தோடு வந்தது என்பதால் எந்தக் கேள்வியும் இல்லாமல் தெரியும். மற்ற கடிதங்களில் அந்த இணைப்பைத் தட்டுவதா வேண்டாமா என்று, இந்த முறை, வாசகரிடம் கேட்கப்படுகிறது.